வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், பாப்பா

திருக்கோகர்ணம்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ போனில் கேட்டதும் யோசிக்கவே யோசிக்காமல் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். "எங்க ஓசூர் வார்டு இந்த கவுன்சிலர் தேர்தல்ல பெண்களுக்கு ஒதுக்கின வார்டாம்மா, தெருக்காரங்க எல்லாம் என்னையே நிக்கச் சொல்றாங்க" என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குக் கேட்காமல் இல்லை. கேட்டுக்கொண்டேதான், "அரசியலெல்லாம் நமக்கு எதுக்கு, ஒரு பிள்ளையை வச்சிருக்க, வேலை இருக்கு, பேசாம இரு" என்றேன். நீயும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்தச் "சரிம்மா" இந்த வாரம் முழுக்க என் காதிலேயே இருக்கிறது. நீ பிளஸ் டூ முடித்த வருஷமும் இதே மாதிரிதான் சொன்னாய்.

அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நீ திருச்சியில் சட்டம் படிக்க ஆசைப்பட்டாய். அப்பா "படிக்கட்டுமே" என்றார். நான்தான் கோர்ட்டு கச்சேரி என்று அலைகிற படிப்பு பெண் பிள்ளைக்கு ஆகாது, இரண்டு வருஷத்தில் சம்பளம் வருகிற படிப்பைப் படி என்று லேப் டெக்னீசியன் கோர்ஸில் சேர்த்துவிட்டேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. அதனாலேயே நான் செய்தது சரி என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொன்னால் நீ பாதியில் "விடும்மா" என்று சொல்லிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது உன்னைப் பற்றித்தான். ஆனால் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பேரை நீ சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பாய். நான் கிராம நர்ஸாக இருந்த சுகாதார சப்-சென்டரில் என் மேஜை மேல் கட்டுக் கட்டாக இருக்குமே, மகப்பேறு உதவித் தொகை மனு, அதன் தலைப்பிலேயே அந்தப் பேர் இருக்கும். ஸ்கூல் விட்டு வந்து நீ அந்தக் கட்டின் மேல்தான் புத்தகத்தை வைத்து வீட்டுப்பாடம் எழுதுவாய். 1997 அல்லது 98 என்று நினைக்கிறேன், ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்தி மனுவில் கைநாட்டு வைக்க வந்தாள். வைத்துவிட்டு, "அக்கா, யாருக்கா இந்த முத்துலட்சுமி ரெட்டி? ஆந்திராக்காரவுகளா?" என்று கேட்டாள். "ஆமா, அந்தப் பக்கம்தான் போலிருக்கு. முதல் பெண் டாக்டர்" என்று சொல்லிவிட்டு எடை பார்க்கிற மெஷினை இழுத்துப் போட்டேன்.

ஆனால் முத்துலட்சுமி ரெட்டியம்மா பிறந்தது இதே புதுக்கோட்டையில். திருக்கோகர்ணத்தில், நாம் குடியிருக்கிற ஊரில். நான் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள்தான், இருந்தாலும் அது ஒரு சாக்கு ஆகாது. அவர் பேரில் வந்த பணத்துக்கு இருபது வருஷத்துக்கு மேல் மனு எழுதியிருக்கிறேன். அது 6,000 ரூபாயாக இருந்தபோது எழுதினேன், 12,000 ஆனபோது எழுதினேன், 18,000 ஆனபோதும் எழுதினேன். பேருக்கு உடையவர் யார் என்று ஒரு நாள் தேடவில்லை. ரிட்டயர் ஆன பிறகு, அப்பாவும் போன பிறகு, சாயங்காலங்களில் மாவட்ட நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேனே, அப்போதுதான் தேடினேன்.

1886 ஜூலை 30ஆம் தேதி பிறந்தார். அப்பா நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் குலம். பெண் பிள்ளைகளைக் கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் இருந்த வம்சம். இந்த இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள், பாப்பா. ஊர் என்ன பேசியிருக்கும் என்று உனக்கும் எனக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்னாளில் அவர் சட்டசபையில் எழுந்து நின்று எதைப் பேசினாரோ, அது அவர் அம்மாவின் வீட்டுக் கதை.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அப்பா வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார், மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். அம்மாவுக்குக் காலாகாலத்தில் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்ற கவலை. இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சந்திரம்மாள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பார்த்து வளர்ந்த உலகத்தில் ஒரு பெண்ணுக்குத் தாலி என்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்று அவருக்குத்தான் தெரியும். பயந்த தாய் பிள்ளையை இழுத்துத்தான் பிடிப்பாள். நானும் அதைத்தான் செய்தேன்.

மகள் காலேஜில் படிக்கிறேன் என்று நின்றார். ஊரில் ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கிற காலேஜ். பெற்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள், எங்கள் பையன்களை நிறுத்திவிடுவோம் என்றார்கள். ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். மூடு வண்டியில் போவாராம், வகுப்பில் திரை போட்டு அந்தப் பக்கம் உட்கார வைப்பார்களாம் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காலேஜ்தான் நம் மன்னர் கல்லூரி. அதைத் தாண்டி பஸ்ஸில் போகிறபோதெல்லாம் வாசலில் கூட்டமாக நிற்கிற பெண் பிள்ளைகளைப் பார்ப்பேன். எனக்கு அந்தத் திரைதான் ஞாபகம் வரும்.

1907ல் சென்னை மருத்துவக் கல்லூரி. அதற்கு நடுவில் ஆஸ்துமா வேறு படுத்தியிருக்கிறது. 1912ல் பதக்கங்களோடு டாக்டராகி வெளியே வந்தார். 1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியோடு கல்யாணம். கேட்டு வந்தவரிடம் ஒரு நிபந்தனை போட்டார்: என்னைச் சமமாக நடத்த வேண்டும், என் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவரும் ஒப்புக்கொண்டார். கடைசிவரை அப்படியே நடந்துகொண்டார் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம். மாப்பிள்ளை இந்தத் தேர்தல் பேச்சுக்கு என்ன சொன்னார் என்று நான் அன்றைக்குக் கேட்கவே இல்லை. "அவர் சரின்னுட்டாரும்மா" என்று நீயாகச் சொன்னாய். அந்த வார்த்தையும் என் காதில் ஏறவில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அவர் சட்டசபைக்குப் போக ஆசைப்பட்டவர் இல்லை.

1921ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது. இந்தியாவில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த மாகாணங்களில் இங்கேதான் முதலில். எல்லாப் பெண்களுக்கும் இல்லை, சொத்து இருந்தால்தான். அப்படியும் ஒரு வாசல் திறந்தது. அடையாறில் 1917ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் அதற்குப் பின்னால் நின்றது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் எல்லாம் அதில் இருந்தார்கள். 1926ல் பெண்கள் சட்டசபை உறுப்பினராகவும் ஆகலாம் என்று விதி மாறியது. அந்தத் தேர்தலில் மங்களூர்ப் பக்கம் கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று கொஞ்ச ஓட்டில் தோற்றுப்போனார். ஜெயித்து உள்ளே போன பெண் ஒருவரும் இல்லை. அப்போது மாதர் சங்கம் சொன்னதன் பேரில் அரசாங்கம் முத்துலட்சுமி ரெட்டியை நியமித்தது.

அவர் தயங்கினார். என் வேலை வைத்தியம், அது கெட்டுப் போகும், அரசியல் எனக்குத் தெரியாதே என்று தயங்கினார். கணவரும் சங்கத்துத் தோழிகளும் எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினர் என்று புத்தகங்கள் சொல்கிறவர் இப்படித்தான் உள்ளே போனார். 1927ல் அந்தச் சபையே ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஜமீன்தார்கள், வக்கீல்கள், எல்லாரும் ஆண்கள். நடுவில் ஒரே ஒரு பெண். வயது நாற்பது. வீட்டில் இரண்டு பையன்கள்.

"எனக்கு என்னம்மா அரசியல் தெரியும், தண்ணி வரலன்னு மனு எழுதத்தான் தெரியும்" என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். அவர் சபையில் பேசியதைப் படித்தால், வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் கண்ணால் கண்டதைத்தான் திரும்பத் திரும்பப் பேசியிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும், ஏழைப் பெண் பிள்ளைகளுக்குச் சம்பளம் இல்லாத படிப்பு வேண்டும், முஸ்லிம் மாணவிகளுக்கு விடுதி வேண்டும். பெண்ணின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடினார். குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வந்த சாரதா சட்டம் 1929ல் 14 வயது என்று வைத்தது. அவர் கேட்டது 16. பிள்ளையே பிள்ளை பெறுகிற வீட்டில் என்ன நடக்கும் என்று ஒரு டாக்டருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதினாறு வயதில் வயிற்றோடு வந்த பிள்ளையின் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து உனக்குச் சோறு போடக்கூட என்னால் முடியவில்லை, அப்பாதான் போட்டார். உனக்கு ஞாபகம் இருக்காது.

அடுத்ததுதான் பெரிய விஷயம். பொட்டுக்கட்டு.

1927 நவம்பரில், கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக் கட்டிவிடுவதை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சபை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. ஆனால் தீர்மானம் வேறு, சட்டம் வேறு. அந்த வழக்கம் நிலத்தில் கட்டப்பட்டிருந்தது. கோயில் ஊழியம் செய்கிற குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. அடுத்த தலைமுறைக்கு நிலம் வேண்டுமென்றால் ஒரு பெண்ணைப் பொட்டுக் கட்டிவிட வேண்டும். மகளைக் காப்பாற்றினால் நிலம் போகும், நிலத்தைக் காப்பாற்றினால் மகள் போவாள். இந்த முடிச்சைக் கண்டுபிடித்து அவிழ்த்ததில்தான் அவருடைய சாமர்த்தியம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1929ல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஊழியம் செய்ய வேண்டிய கட்டாயம் போகும், நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும். வெறும் தடை போட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்த நிலக் கணக்கெல்லாம் தோன்றாது. உள்வீட்டைத் தெரிந்தவருக்குத் தோன்றும்.

எதிர்ப்பும் இருந்தது. சத்தியமூர்த்தி மாதிரிப் பெரிய காங்கிரஸ் தலைவரே, கோயில் கலையும் சம்பிரதாயமும் போய்விடும் என்று எதிர்த்தார். அதைவிட என்னை யோசிக்க வைத்தது தேவதாசிப் பெண்களே எழுதிக் கொடுத்த மறுப்புதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் தெரியுமல்லவா, திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் எழுப்பியவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து எங்களை விபசாரிகள் என்று சொல்லாதீர்கள், எங்களுக்குப் படிப்பு இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது, சொத்துரிமை இருக்கிறது, எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டம் போடாதீர்கள் என்று அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள்.

நான் இரண்டு நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தப் பெண்கள் காப்பாற்றி வைத்த ஆட்டம் பின்னால் வேறு வீட்டுப் பெண்களுடைய மேடைக்குப் போனது. ஆடிவந்த குடும்பங்கள் பல தங்கள் பிழைப்பையும் மரியாதையையும் சேர்த்து இழந்தன. முத்துலட்சுமி ரெட்டி அந்த மனுவுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொட்டுக் கட்டும்போது அவளை யாரும் கேட்கவில்லையே. சங்கீத விதுஷிக்குச் சபையில் எழுதிக் கொடுக்கக் குரல் இருந்தது. அந்தப் பிள்ளைக்கு அவர் ஒருத்தர்தான் குரல். அதனால் கடைசியில் நான் அவர் பக்கம்தான் நிற்கிறேன். நீ நாளைக்கு ஏதாவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால், உன்னை எதிர்த்து மனுக் கொடுக்கிறவர்களின் மனுவை முதலில் படி. இதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

1930ல் பொட்டுக்கட்டைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறுவதற்குள் உப்புச் சத்தியாக்கிரகம் வந்துவிட்டது. மே மாதம் காந்தியைக் கைது செய்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி பதவியை ராஜிநாமா செய்துவிட்டு வெளியே வந்தார். தன் மசோதா பாதியில் கிடக்கிறது என்று தெரிந்தே வந்தார். அந்த மசோதா சட்டமானது 1947 அக்டோபரில். பதினேழு வருஷம், பாப்பா. நடுவில் எத்தனை ஆட்சி, எத்தனை மந்திரிகள். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் மாதிரி அந்தக் கொடுமையை அனுபவித்து வெளியே வந்தவர்கள் ஊர் ஊராகப் பேசினார்கள். இவர் விடாமல் எழுதிக்கொண்டும் ஆட்களைப் பார்த்துக்கொண்டும் இருந்தார். சட்டம் வந்தபோது அவருக்கு வயது அறுபத்தொன்று. உங்கள் தெருவுக்குக் காவிரித் தண்ணீர்க் குழாய் வர மூன்று வருஷம் அலைந்தேன் என்று நீ அலுத்துக்கொண்டாயே, அப்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. உன்னைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. மூன்று வருஷம் அலைய முடிந்தவளால் இன்னும் அலைய முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் பதவியை விட்ட அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைத்தான் நான் அடிக்கடி நினைப்பேன். பொட்டுக்கட்டிலிருந்து தப்பி வந்த மூன்று பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இந்தச் சட்டம் அது இது என்று பேசினீர்களே, நாங்கள் வந்துவிட்டோம், இப்போது எங்கே போவது என்கிற மாதிரி நின்றார்கள். அவர் விடுதி விடுதியாகக் கேட்டுப் பார்த்தார். அந்தக் குலத்துப் பெண்களைச் சேர்த்துக்கொள்ள எந்த விடுதிக்கும் மனமில்லை. சரி என்று தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் அடையாறில் இருக்கிறது, பள்ளிக்கூடத்தோடு. அவ்வை என்று பேர் வைத்ததை நினைத்துப் பார். கல்யாணம் காட்சி இல்லாமல், யார் வீட்டு நிழலிலும் ஒதுங்காமல், தமிழை வைத்தே வாழ்ந்த கிழவி. அந்த மூன்று பெண்களுக்கு அதைவிட நல்ல பேர் கிடைக்காது.

கதவைத் தட்டுகிறது என்றதும் எனக்கு நம் சப்-சென்டர் கதவுதான் ஞாபகம் வரும். ராத்திரி இரண்டு மணிக்குத் தட்டுவார்கள். நீ போர்வைக்குள்ளிருந்து "அம்மா, போகாதே" என்பாய். நான் போவேன். இப்போது உன் வீட்டுக் கதவை உன் தெருக்காரர்கள் தட்டியிருக்கிறார்கள். போகாதே என்று நான் சொல்லியிருக்கிறேன்.

நான் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கிராம சபைக் கூட்டம். ஆகஸ்ட் பதினைந்து. தலைவர் பெண்தான், பலகையில் அவர் பேர்தான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தவர் அவருடைய கணவர். அந்தம்மா பள்ளிக்கூடத்துத் திண்ணையில் எங்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவி எட்டு மாசம் ஆகிறது, பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று நான் எழுந்து சொன்னேன். "நர்சம்மா ஊசி போடுற வேலையை மட்டும் பாருங்க" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் நான் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த தலைவரம்மா என் கையை மட்டும் லேசாகத் தொட்டார். அவருக்கும் என்னவோ சொல்ல இருந்தது. அன்றைக்கு நான் இன்னொரு தடவை எழுந்திருந்தால் அவரும் எழுந்திருப்பாரோ என்னவோ. இத்தனை வருஷம் கழித்தும் அது மனதை அறுக்கிறது. உன்னையும் யாராவது அப்படி உட்கார வைத்துவிடுவார்களோ என்றுதான் வேண்டாம் என்றேன். நீ உட்காருகிற ஆள் இல்லை என்பதை மறந்துவிட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி அவர் தொடங்கியதுதான். தங்கச்சி ஒருத்தி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார், 1923ல். கூடப் பிறந்தவள் படுகிற வேதனையைப் பக்கத்திலேயே இருந்து பார்த்தும் டாக்டரான தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை அவர் மறக்கவே இல்லை. லண்டனுக்கு மேல்படிப்புக்குப் போனபோது அங்கே புற்றுநோய் மருத்துவமனையைப் பார்த்தார். திரும்பி வந்து இங்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். எப்படியும் சாகப் போகிறவர்களுக்கு எதற்கு ஒரு தனி ஆஸ்பத்திரி என்று இருந்த காலம். 1952ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூனில் 12 படுக்கையோடு குடிசை மாதிரிக் கட்டடத்தில் ஆரம்பமானது. தங்கச்சி செத்து முப்பத்தொரு வருஷம் கழித்து. சின்ன மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த வருஷம் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். அப்பாவுக்குத் தொண்டையில் வந்தபோது நாம் அங்கேதான் போனோம். காத்திருக்கிற இடத்தில் பெஞ்சில் நீயும் நானும் ஆளுக்கொரு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அந்த இடம் திருக்கோகர்ணத்துப் பெண் கேட்டுக் கேட்டு வாங்கியது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். ஊர்ப்பெருமை என்றால் அவருக்கு உயிராயிற்றே.

1956ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1968 ஜூலை 22ல் காலமானார். சட்டசபையில் இருந்தது மொத்தத்தில் மூன்றரை வருஷத்துக்குள்தான். எண்பத்தொரு வயது வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு சின்னத் துண்டு! ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் செய்தது எல்லாம் அந்தத் துண்டோடு பின்னிக் கிடக்கிறது. வைத்தியத்தில் பார்த்ததைச் சபைக்குக் கொண்டுபோனார். சபையில் முடியாததை வீட்டு வாசலில் செய்தார்.

அதனால், பாப்பா, நான் வேண்டாம் என்று சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நில் என்று நான் சொல்லவும் மாட்டேன், அது உன் முடிவு. நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசுங்கள். செலவு எவ்வளவு ஆகும், லேப்பில் லீவு கொடுப்பார்களா, தோற்றால் தெருவில் முகம் கொடுத்துப் பேச உனக்குத் தெம்பு இருக்கிறதா என்றெல்லாம் யோசியுங்கள். எனக்காகத் தயங்காதே, அது போதும். பேரனைப் பற்றிய கவலை வேண்டாம். நீ நிற்பதாக இருந்தால் நான் பஸ் ஏறி வந்துவிடுகிறேன். தேர்தல் முடிகிறவரை அவனுக்கு ஸ்கூல், சோறு, வீட்டுப்பாடம் எல்லாம் என் பொறுப்பு. கன்னடம் கலந்து பேசுகிற உன் பக்கத்து வீட்டு அம்மாவோடும் நான் சமாளித்துக்கொள்வேன்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். வாக்காளர் பட்டியலில் உன் பேர் அங்கே ஓசூரில் இருக்கிறதா, இல்லை இன்னும் இங்கே நம் முகவரியிலேயே இருக்கிறதா? கல்யாணத்துக்குப் பிறகு மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாய். அந்த ஊர்ப் பட்டியலில் பேர் இல்லாமல் அங்கே மனுத்தாக்கல் செய்ய முடியாது. உன்னை முன்மொழிகிறவருக்கும் அதே வார்டில் ஓட்டு இருக்க வேண்டும். நாளைக்கு லேப்புக்குப் போகிற வழியில் முதலில் அதைப் பார்த்துவிட்டு எனக்கு போன் பண்ணு. பழைய வாக்காளர் அட்டை இங்கே பீரோவில், உன் மார்க் ஷீட் கவரில் இருக்கிறது. வேண்டுமென்றால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா